தல்லாகுளத்தில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வகுப்பு: ஸ்டூடியோக்காரர் பார்வையில்

மதுரை தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு வீட்டு மாடியில், சனி ஞாயிறு சாயங்காலங்களில் ஷெல் ஸ்கிரிப்ட் வகுப்பு நடக்கிறது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கிக் கணினியைச் செய்ய வைப்பது ஷெல். அந்தக் கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்து மொத்தமாக ஓட்டுவது ஷெல் ஸ்கிரிப்ட். போர்டும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஒரு பேட்ச்சுக்கு எட்டுப் பேர்தான். நடத்துகிறவர் வெளியூரில் பல வருஷம் சர்வர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பெயர், நம்பர் எதையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் நாங்கள் அவரைக் கூப்பிட்ட மாதிரியே இங்கேயும் ‘சார்’ என்று எழுதுகிறேன்.

என் தொழில் சாஃப்ட்வேர் இல்லை. திருநகரில் தம்பியும் நானும் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். படம் எடுப்பது அவன். மெமரி கார்டு கைக்கு வந்த பிறகு நடப்பதெல்லாம் என் பொறுப்பு. காப்பி போடுவது, பிரிப்பது, பெயர் மாற்றுவது, வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுத்த படங்களை எடுத்து ஆல்பம் டிசைனுக்குக் கொடுப்பது, பேக்கப் எல்லாமே அதில் அடக்கம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த மாதத்தில் சேர்ந்தேன். ஆவணி முழுக்க அங்கே கற்றதை வைத்து வேலை பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். கல்யாண சீசனின் நெருக்கடியில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்க்காமல் ஒரு வகுப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

என் முடிவு இதுதான்: புரோகிராமர் ஆகும் எண்ணம் இல்லாமல், தினமும் நூற்றுக்கணக்கில் ஃபைல்களைக் கையால் நகர்த்திக்கொண்டிருக்கிறவர்கள் தாராளமாகச் சேரலாம். இன்டர்வியூவுக்காகச் சான்றிதழ் தேடுகிறவர்களுக்கு இது வேண்டாம். சார் சான்றிதழ் எதுவும் கொடுப்பதில்லை.

முதல் நாளே அவர் சொன்னது, “உங்க வேலையில எது சலிப்பா இருக்கோ, அந்த ஃபோல்டரோட காப்பியை பென் டிரைவ்ல கொண்டு வாங்க. என்கிட்ட தனியா உதாரணம் எதுவும் கிடையாது.” உண்மையிலேயே கிடையாது. என்னுடன் படித்தவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரி ஆபீசில் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாகப் பிரிக்கிறவர். இன்னொரு தம்பி கீழமாசி வீதி மொத்த வியாபாரக் கடையில் பில் கணக்குப் பார்க்கிறவன். மூன்று பேர் கல்லூரிப் பிள்ளைகள். ஒவ்வொருவர் ஃபோல்டரையும் புரொஜெக்டரில் போட்டு அதன் மேலேயே பாடம் நடந்தது. அடுத்தவர் ஃபோல்டரில் வரும் சிக்கல் இன்றைக்கோ நாளைக்கோ நம் ஃபோல்டரிலும் வரும் என்பது இரண்டாம் வாரமே புரிந்துவிட்டது.

போட்டோஷாப் இல்லாமல் எங்கள் பிழைப்பு ஓடாது, ஆகவே விண்டோஸை விட முடியாது. சார் அதைக் கழற்றச் சொல்லவில்லை. 2016-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட வழி செய்தது அல்லவா, அந்த டபிள்யூஎஸ்எல் வழியில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். ‘சி’ டிரைவ் அதற்குள் ஒரு ஃபோல்டராகவே தெரியும். பெரிய ஃபோல்டர்களை அந்த வழியாகப் புரட்டினால் வேகம் குறைவு. அதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். கல்லூரிப் பையன் ஒருவன் மேக் கொண்டு வந்திருந்தான். 2019 முதல் மேக்கில் இயல்பாக வரும் ஷெல் இசட்ஷெல். நாங்கள் பழகிய ஷெல்லின் பெயர் பாஷ். மேக்கில் கூடவே இருக்கும் பாஷ் 3.2 என்ற பழைய பதிப்பு. 2009-இல் வந்த 4.0 பதிப்பில் சேர்ந்த வசதிகள் அதில் ஓடாது. மேக் வைத்திருப்பவர்கள் புதிய பாஷை நிறுவிக்கொண்டு போவது நல்லது.

வரலாறு கால் மணி நேரம்தான். 1971-இல் கென் தாம்ப்சன் எழுதிய முதல் யூனிக்ஸ் ஷெல், ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குக் கொடுக்க 1973-இல் வந்த பைப், 1979-இல் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல், அதற்கு மாற்றாக 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் குனு திட்டத்துக்கு எழுதிய பாஷ். அவ்வளவில் நிறுத்திக்கொண்டார். ஏன் சொன்னார் என்பது பிறகுதான் விளங்கியது. தட்டுகிற கட்டளைகள் இரண்டு எழுத்து, மூன்று எழுத்தாகச் சுருங்கிக் கிடப்பதும், தவறாகத் தட்டினாலும் ‘நிச்சயமா?’ என்று கேட்காமல் செய்துவிடுவதும் அந்தக் காலத்துப் பழக்கம். பாதுகாப்பை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பின் அடிநாதமே இதுதான்.

அதனால் அவர் எழுதச் சொன்ன முதல் ஸ்கிரிப்ட் எந்த ஃபைலையும் தொடாது. நூறு படங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டுமா? ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப் எழுது, பெயர் மாற்றவும் நகர்த்தவும் உதவும் ‘எம்வி’ கட்டளைக்கு முன்னால் ‘எக்கோ’ போடு. இப்போது ஷெல் பெயரை மாற்றாது. என்ன செய்யப் போகிறதோ அதை வரி வரியாகத் திரையில் காட்டும். படித்துப் பார். சரி என்றால் எக்கோவை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டு. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒரு கல்யாணத்தின் மொத்தப் படங்களும் ஒரே கட்டளையில் நகரும்போது இந்தப் பழக்கத்தின் அருமை தெரியும்.

அதோடு மேற்கோள் குறி. இரண்டு முழு வகுப்புகளை இதற்கே கொடுத்தார். அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஃபோல்டரில் ‘ரிசப்ஷன் மேடை 12’ என்ற மாதிரிப் பெயர்கள் ஏராளம். நமக்கு அது ஒரு பெயர். ஷெல்லுக்கு இடைவெளி வந்தால் ஒரு சொல் முடிந்தது என்று கணக்கு. ஃபைல் பெயரை ஒரு வேரியபிளில், அதாவது மதிப்பை வைக்கும் பெட்டி மாதிரி ஒரு பெயரில் வைத்து, முன்னால் டாலர் குறி போட்டு எடுப்போம். அதை மேற்கோள் குறிக்குள் போடாமல் எம்விக்குக் கொடுத்தால், ‘ரிசப்ஷன்’ ஒரு ஃபைல், ‘மேடை’ ஒரு ஃபைல், ‘12’ ஒரு ஃபைல் என்று எடுத்துக்கொள்ளும். கடைசியில் எழுதிய புதுப் பெயர் ஒரு ஃபோல்டர் இல்லையே என்று குறை சொல்லும். பிழைச் செய்தியைப் படித்தால் மேற்கோள் குறிதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. இரட்டை மேற்கோள் போட்டால் மூன்றும் ஒன்றாக நிற்கும். ஒற்றை மேற்கோள் போட்டால் டாலர் குறியும் வெறும் எழுத்தாகிவிடும், உள்ளே இருக்கிற மதிப்பு வராது. டாலர் குறியைப் பார்த்தாலே இரட்டை மேற்கோள் போட விரல் தானாகப் போகிற அளவுக்கு எழுத வைத்தார்.

வேரியபிளுக்கு மதிப்புக் கொடுக்கும்போது சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. இஃப் நிபந்தனையில் சதுர அடைப்புக்குறிக்கு உள்ளே இடைவெளி விட்டே ஆக வேண்டும். புதிதாக வருகிறவர்களைக் குழப்புகிற இடம் இது. காரணத்தையும் சொன்னார்: தொடக்கச் சதுர அடைப்புக்குறி ஒரு கட்டளை. மற்றக் கட்டளைகளுக்குப் பக்கத்தில் இடைவெளி விடுவது போலத்தான் இதற்கும். இஃப் பார்ப்பது அந்தக் கட்டளை வெற்றியா தோல்வியா என்பதை மட்டும். வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் வேறு எண். இது புரிந்த நாளிலிருந்து நான் விதியை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டேன்.

இனி எங்கள் தொழிலுக்கு நேராக உதவியது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா போகும். இரண்டும் ஒரே கம்பெனி. ஃபைல் பெயர்கள் ஐஎம்ஜி என்று தொடங்கி நான்கு இலக்க எண்ணில் முடியும். 9999 தாண்டினால் மறுபடி 0001. ஆக மேடையில் நின்ற கேமராவிலும் 0412 இருக்கும், மண்டப வாசலில் நின்ற கேமராவிலும் 0412 இருக்கும். இரண்டையும் எம்வி போட்டு ஒரே ஃபோல்டருக்கு நகர்த்தினால், பின்னால் வருகிற 0412 முன்னால் வந்ததை அழித்துவிட்டு உட்காரும். எச்சரிக்கை வராது. என் ஃபோல்டரைப் பார்த்ததுமே சார் கேட்ட முதல் கேள்வி, “ரெண்டு கேமராவாம்மா?” என்பதுதான். எம்விக்கு ‘மைனஸ் என்’ சேர்த்தால் ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் மேல் எழுதாது. அதைவிட நல்லது, நகர்த்தும் முன்பே ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் கேமராவின் பெயரைச் சேர்த்துவிடுவது. இப்போது எங்கள் ஸ்டூடியோவில் கார்டு செருகியதும் ஓடும் ஸ்கிரிப்ட் இதைத்தான் முதலில் செய்கிறது.

எண்களில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஃபைல் பெயரிலிருந்து 0010 என்ற எண்ணை எடுத்து ஒன்று கூட்டினால் 11 வர வேண்டும் இல்லையா? பாஷ் 9 என்கும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக அது படிக்கிறது. 0089 கொடுத்தால் 8-உம் 9-உம் அந்த முறையில் கிடையாது என்பதால் பிழை காட்டி நின்றுவிடும். நிற்பது பரவாயில்லை. நிற்காமல் தப்பான எண்ணைத் தருவதுதான் ஆபத்து. எண்ணுக்கு முன்னால் 10# என்று சேர்த்தால் பத்தடி எண்ணாகப் படிக்கும். இதை ஆஸ்பத்திரிக்காரரின் ஃபோல்டரில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை வைத்துக் காட்டினார். 08, 09 என்று மாதம் எழுதுகிற எல்லோருக்கும் இது வரும்.

நான் அதிகம் பயன்படுத்துவது தேர்வுப் பட்டியல் ஸ்கிரிப்ட். பெண் வீட்டார் படங்களைப் பார்த்துவிட்டு, ஆல்பத்துக்கு வேண்டிய எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அம்மா கொஞ்சம், அத்தை கொஞ்சம், மாப்பிள்ளை கொஞ்சம். ஒரே எண் மூன்று தடவை வரும், இல்லாத எண்ணும் வரும். முன்பு இதைத் தேடித் தேடி எடுக்க ஒரு பகல் போகும். இப்போது எண்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டுகிறேன். வரிசைப்படுத்தும் சார்ட், திரும்ப வரும் வரியை நீக்கும் யூனிக் இரண்டையும் பைப்பில் கோத்தால் இரட்டை எண்கள் போய்விடும். வைல் லூப் ஒவ்வொரு எண்ணாகப் படிக்கும். அந்தப் படம் இருக்கிறதா என்று இஃப் பார்க்கும். இருந்தால் தேர்வு ஃபோல்டருக்குக் காப்பி, இல்லாவிட்டால் அந்த எண்ணை ‘விடுபட்டவை’ என்ற ஃபைலில் எழுதிவிடும். அந்த விடுபட்டவை பட்டியலை அப்படியே வீட்டுக்காரருக்குத் திருப்பி அனுப்பினால், “ஆமாக்கா, நம்பர் மாறிப்போச்சு” என்று அன்றைக்கே சரியான எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். டிசைன் முடிந்த பிறகு படம் காணவில்லை என்ற பேச்சே எழுவதில்லை.

இந்த ஸ்கிரிப்ட்டில்தான் வகுப்பின் குறையும் தெரிந்தது. விண்டோஸ் நோட்பேடில் சேமித்த ஃபைலில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக ஒட்டியிருக்கும். ஷெல் அதையும் எண்ணின் பகுதியாக எடுத்துக்கொண்டு, 0412 கண் முன்னால் இருக்கும்போதே ‘இல்லை’ என்கும். இதை சார் சொல்லிக்கொடுத்தார், ‘டிஆர்’ கட்டளையால் நீக்கவும் காட்டினார். ஆனால் இன்னொன்றைச் சொல்லவில்லை. பட்டியலின் கடைசி வரிக்குப் பிறகு என்டர் தட்டியிருக்காவிட்டால், வைல் லூப்பில் வரி வரியாகப் படிக்கும் ரீட் கட்டளை அந்தக் கடைசி எண்ணைப் படித்தாலும் தோல்வி என்றே சொல்லும். லூப் முடிந்துவிடும், கடைசிப் படம் விட்டுப்போகும், பிழைச் செய்தியும் வராது. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும் பட்டியலில் கடைசி என்டர் பெரும்பாலும் இருக்காது. பட்டியலை முதலில் சார்ட் வழியாக அனுப்பினால் அது வரி முடிவைச் சேர்த்துவிடும், தப்பித்தோம். நேராக ரீடுக்குக் கொடுத்தால், வரி காலியாக இல்லையா என்ற சோதனையையும் வைல் நிபந்தனையில் சேர்க்க வேண்டும். பட்டியலை வைத்து வேலை செய்கிறவர்கள்தான் பாதிப் பேர் வருகிறார்கள். இது அச்சிட்ட குறிப்பிலேயே இருந்திருக்க வேண்டும். அவரிடம் சொன்னேன். அடுத்த பேட்ச் குறிப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

குறிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் மங்கல். பின்சாய்ந்த மேற்கோள் எது, ஒற்றை மேற்கோள் எது என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஷெல்லில் இந்த இரண்டுக்கும் அர்த்தமே வேறு. ஒரு கட்டளையின் விடையை எடுத்து வைக்க வகுப்பில் டாலர் குறியும் வளைவு அடைப்புக்குறியும் போடச் சொல்கிறார், குறிப்பிலோ பழைய பின்சாய்ந்த மேற்கோள் இருக்கிறது. புதிதாகப் படிக்கிறவரைத் தேவையில்லாமல் அலைக்கழிக்கும் முரண் இது.

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட்டும் கிரானும் அவசரத்தில் போனது. இரவு 11 மணிக்குப் பேக்கப் தானாக ஓட வேண்டும் என்பது எங்கள் மூன்று பேருக்கு முக்கியத் தேவை. கடைசி வகுப்பின் கடைசி அரை மணியில் முடித்துவிட்டார். கையால் ஓட்டும்போது ஓடுகிற ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்று சொல்லும் பாத் அமைப்பு, நம் டெர்மினலில் இருப்பது போல அங்கே முழுதாக இல்லாததுதான். அதைச் சொன்னார். ஆனால் கிரானுக்கு எழுதும் வரியில் சதவீதக் குறி வந்தால் கிரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும் என்பதைச் சொல்லவில்லை. பேக்கப் ஃபைலுக்குத் தேதியைப் பெயராக வைக்க எல்லோரும் சதவீதக் குறியைத்தான் போடுவார்கள். அதன் முன் பின்சாய்கோடு போட வேண்டும். கிரானுக்குத் தனியாக ஒரு வகுப்பு வேண்டும்.

அழிக்கும் கட்டளையைச் சொல்லிக்கொடுத்த விதத்துக்காக மட்டுமே இந்த வகுப்புக்குப் போகலாம். ஒரு ஃபோல்டரின் பெயரை வேரியபிளில் வைத்து, அதன் பின் சாய்கோடும், ‘உள்ளே இருக்கும் எல்லாம்’ என்று பொருள்படும் நட்சத்திரமும் போட்டு, அழிக்கும் கட்டளையான ஆர்எம் கொடுக்கிறோம். வேரியபிள் ஏதோ காரணத்தால் காலியாக இருந்தால்? மிச்சம் இருப்பது சாய்கோடும் நட்சத்திரமும். அதாவது கணினியில் உள்ள எல்லாமே. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்ட்டில் இதே பிழை இருந்ததும், ஒரு பயனரின் சொந்தக் கோப்புகளெல்லாம் அழிந்ததும் பதிவான சம்பவம். பெரிய கம்பெனி எழுதிய ஸ்கிரிப்ட்டிலேயே இது நடந்திருக்கிறது. மதிப்பு இல்லாத வேரியபிளைக் கண்டால் நின்றுவிடச் சொல்லும் ‘செட் மைனஸ் யு’, காலியாக இருந்தாலும் நிறுத்தும் கேள்விக்குறி வடிவம் இரண்டையும் எங்கள் ஒவ்வொருவர் ஸ்கிரிப்ட்டிலும் போட வைத்துவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போனார்.

அதே கவனத்தில் அவர் எனக்காக உட்கார்ந்து எழுத வைத்தது கார்டு சரிபார்க்கும் ஸ்கிரிப்ட். கார்டில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் அதன் கைரேகை மாதிரியான ஷா256 மதிப்பைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாக வைக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி ஆன பிறகு அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். ஒரு படத்தில் ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் தோல்வி என்று நிற்கும். எல்லாம் சரியாக வந்தால் மட்டுமே ‘கார்டை அழிக்கலாம்’ என்ற வரி திரையில் வரும். அந்த வரியைப் பார்க்காமல் கார்டை ஃபார்மேட் செய்யக்கூடாது என்பது இப்போது எங்கள் கடைச் சட்டம். தாலி கட்டும் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். தாராளமாக வைக்கலாம். ஃபோல்டர் பெயர் ‘மதுரை’ என்று இருந்தால் ஷெல்லுக்கு எந்தத் தகராறும் இல்லை. வேரியபிளின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றில்தான் இருக்க வேண்டும். நீளம் கேட்டால்தான் விவகாரம். நாம் மூன்று எழுத்து என்கிறோம். ஷெல் துணைக்குறிகளைத் தனியாக எண்ணி 5 என்கும். பைட் கணக்கில் 15. ஆகவே தமிழ்ப் பெயர்களைக் கட்டம் போட்ட மாதிரி வரிசையாக அச்சிட முயன்றால் கோணலாகத்தான் நிற்கும்.

வீட்டுப்பாடத்தைத் திருத்துவதற்கு முன் ஷெல்செக் வழியாக ஓட்டிவிட்டு வரச் சொல்வார். விடார் ஹோலன் எழுதிய இலவசக் கருவி. மேற்கோள் குறி விட்டுப்போன வரியைச் சுட்டிக்காட்டி, ஏன் ஆபத்து என்றும் சொல்லும். எங்கள் எல்லோருக்கும் முதலில் அறிமுகமானது எஸ்சி2086 என்ற எச்சரிக்கைதான். வகுப்பு முடிந்த பிறகும் சார் பக்கத்தில் இருப்பது போல ஒரு துணை இது. வகுப்புக்குப் போக முடியாதவர்களும் இதைப் பழகிக்கொள்ளலாம்.

கட்டணம் 4,000 ரூபாய். இரண்டு மாதம். மாடி அறை வெக்கை, கரண்ட் போனால் யூபிஎஸ் புரொஜெக்டரை மட்டும்தான் தாங்கும், லேப்டாப்பில் சார்ஜ் வைத்துக்கொண்டு போங்கள். வண்டி நிறுத்தத் தெருவில் இடம் சிரமம். கோரிப்பாளையத்தில் இறங்கி நடந்தால் நிம்மதி.

மார்கழி பேட்ச்சுக்கு இப்போதே ஆள் சேர்கிறது என்று கேள்வி. ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு அதுதான் வசதி, தை பிறந்துவிட்டால் முகூர்த்தத்துக்கு நடுவில் புதிதாகச் சேர முடியாது. சேருகிறவர்கள் பழைய கல்யாண ஃபோல்டர் ஒன்றின் காப்பியைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். இரண்டு கேமராவில் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.